ஒத்திகைக்குப் போன வீடு

போன வாரம் என் மாணவர்கள் இரண்டு பேர் ஓர் ஆட்டை நம்பி மோசம் போனார்கள்.

சிரிக்காதீர்கள். அந்த ஆட்டை அடையாளம் சொன்னதே நான்தான்.

இந்தத் தங்க வயலில் நான் அரசாங்கத்தின் குழந்தைகள் நல ஆபீஸில் வேலை பார்க்கிறவள் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத பிள்ளைகளை ஹோமில் சேர்ப்பது என் உத்தியோகம். அதைவிடப் பெரிய உத்தியோகம் — சேர்க்காமல் தவிர்ப்பது. பெங்களூரில் சமூக சேவை படிக்கிறவர்களை வருஷா வருஷம் எங்களிடம் பயிற்சிக்கு அனுப்புவார்கள். நாளைக்கு என் நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள். வியாழக்கிழமை ரயிலில் வருவார்கள். மாலை ரயிலில் முகம் வெளிறித் திரும்புவார்கள். இந்த வருஷம் வந்தவர்கள் சுந்தரராஜனும் ஹேமாவும்.

சுந்தரராஜன் நல்ல உயரம். டெரிலின் சட்டை. அவ்வளவு உயரத்துக்கும் போதுமான பயம். முதல் வாரம் ஒரு வீட்டுக்கு அனுப்பினேன். கதவைத் தட்டியிருக்கிறான். உள்ளேயிருந்து "யாரு?" என்று குரல் வந்திருக்கிறது. "ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டான்.

ஹேமாவுக்குப் பயம் கிடையாது. அவளுக்கு வேறு வியாதி — கேள்வி. அமெரிக்காவில் அச்சடித்த ஒரு தடிப் புத்தகத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அந்தப் புத்தகத்தில் வருகிற குடும்பங்கள் பனி பெய்கிற ஊரில், சோபாவில் உட்கார்ந்து, சாவகாசமாக அழுகின்றன. இங்கே கோரமண்டல் லைனில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், ஹேமா முதல் கேள்வியைக் கேட்டதுமே அந்த வீட்டம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். பதிலுக்கு அவள் கேட்க ஆரம்பித்தாள். அரை மணியில் ஹேமாவுடைய அப்பாவின் உத்தியோகம், தம்பியின் மார்க், தையில் வந்து தட்டிப்போன வரன் எல்லாம் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஹேமா தெரிந்துகொண்டு வந்தது ஒன்றே ஒன்று. அந்த வீட்டில் அன்றைக்குக் கேழ்வரகுக் களி.

இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஒத்திகை வைக்கலாம் என்று தோன்றியது. பொய்யாக ஒரு வீடு, பொய்யாக ஒரு கஷ்டம். போய்ப் பேசிப் பழகட்டுமே. யாருக்கும் நஷ்டமில்லை அல்லவா?

அதே லைனில் ஏகாம்பரம் என்று ஒருவர். தங்கக்கல் அரைக்கிற மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லைன் நாடகங்களில் நிரந்தர ராஜா. அவரையும் அவர் மனைவி மங்காவையும் பிடித்தேன். கதையைச் சொன்னேன். பெண்டாட்டியை இழந்த அப்பன், பெண்ணை ஹோமில் விடப் பார்க்கிறான். அவனுடைய அக்கா கூடாது என்கிறாள். ஏன் விடப் பார்க்கிறான், வேறு வழி உண்டா என்று மாணவர்கள் பேசிக் கண்டுபிடிக்க வேண்டும். என்னிடம் வருகிற கதைகளில் பாதி இந்தக் கதைதான். கற்பனைக்கு வேலையே இல்லை.

"அப்பன் குடிகாரனா?" என்று ஏகாம்பரம் ஆவலாகக் கேட்டார்.

"வேண்டாமே."

"குடிகாரனா இருந்தாத்தாம்மா நடிக்கத் தோது. ஜனங்க அத்தத்தான் ரசிப்பாங்க. நடுவுல ஒரு பாட்டு வெச்சிக்கலாமா?"

"பொண்டாட்டி செத்தவன் பாடுவானா?" என்றாள் மங்கா.

"நீ செத்தா நான் பாடுவேன்."

"பாத்தீங்களா ஆபீசரம்மா? இத்தத்தான் நான் தெனமும் கேட்டுகினு கீறேன். நெசத்துல திட்டறத அங்கயும் திட்டணும், அவ்ளோதான? எனக்கு ஒத்திகையே வாணாம்."

எல்லாம் சரி. வழி சொல்வதில்தான் சறுக்கினேன்.

எங்கள் லைன் வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? செங்கல் அறுத்தது போல ஒரே அளவு, ஒரே கதவு, ஒரே தகரக் கூரை. கதவில் எழுதிய நம்பர்களை மழையும், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டின் புழுதியும் சேர்ந்து எப்போதோ தின்றுவிட்டன. "வாசல்ல கறுப்பு ஆடு கட்டியிருக்கும். அந்த வீடு" என்று சொல்லி அனுப்பினேன்.

நான் அந்தப் பக்கம் போவதெல்லாம் காலை வேளையில். வெயில் ஏறினால் மங்கா வாசலில் நிழல் இருக்காது, ஆட்டை அடுத்த வீட்டு வேம்படியில் கொண்டுபோய்க் கட்டுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இவர்கள் போனது பதினொரு மணிக்கு. நிழல் போன இடத்துக்கு ஆடு போனது. ஆடு போன இடத்துக்கு அரசாங்கம் போய்விட்டது.

அடுத்த வீடு முனுசாமியுடையது. ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜ் இருக்கிறதே, அதைத் தாங்குகிற இரும்பு ரோப்புகளைப் பிரித்துப் பின்னிச் சரிபார்க்கிற கோஷ்டியில் வேலை. மனைவி இறந்து ஒரு வருஷம். ஒன்பது வயது மகள் கஸ்தூரி. பூதிகோட்டையிலிருந்து அவன் அக்கா தனபாக்கியம் வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அங்கே அறுப்பு. புருஷன் ஆள் மேல் ஆள் விட்டுவிட்டான். அவள் போயே ஆக வேண்டும். ஆகவே முனுசாமி மறுநாள் காலையில் கஸ்தூரியை என் ஆபீஸுக்குக் கூட்டிவந்து ஹோமில் விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தான். ஹோமுக்குப் போகிறவளுக்கு இனி எதற்கு என்று அன்றைக்கு ஸ்கூலுக்குக்கூட அனுப்பவில்லை.

ஆமாம். நான் கட்டிவிட்ட அதே கதை. பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் உயிரோடு நடந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

அன்றைக்கு ஆபீஸில் ஒரு வேலை என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது. கூடப் போகவில்லை. நடந்ததைப் பல வாய்களிலிருந்து பொறுக்கி ஒட்டித் தருகிறேன்.

சுந்தரராஜன் கதவைத் தட்டவே இல்லையாம். நாடகம்தானே! நேராக உள்ளே போய், "வணக்கம், குழந்தைகள் நல ஆபீஸ்லேர்ந்து வர்றோம்" என்று கணீரென்று சொல்லியிருக்கிறான். தனபாக்கியத்துக்கு மூச்சு நின்றுவிட்டது. நாளைக்கு இவர்கள் போகவிருந்த ஆபீஸ் இன்றைக்கே வந்து நிற்கிறதே!

"டேய் முனுசாமி, எழுந்திர்றா. கவர்மெண்டு வூட்டுக்கே வந்துகீது."

முனுசாமி நைட் ஷிப்ட் முடித்துப் படுத்தவன். போர்வைக்குள்ளிருந்தே பேசினான். "நாளைக்கித்தான வரேன்னு கீறேன்? போகச் சொல்லு."

"நாளைக்கு எங்களுக்குக் காலேஜ் இருக்கு சார்" என்றான் சுந்தரராஜன். "இன்னிக்கே முடிச்சிடலாம்."

எழுந்து உட்கார்ந்தவனின் கண் இரண்டும் செக்கச் சிவப்பு. ஹேமா சுந்தரராஜன் காதில் கிசுகிசுத்தாள். "மேக்கப் பாரேன்!"

தனபாக்கியத்துக்குத் தைரியம் வந்துவிட்டது. "நீங்களே கேளுங்கம்மா. பெத்த பொண்ண இட்டுகினு போயி ஹோம்ல வுடறானாம். இவன் இன்னா மனுசன்?"

"அப்ப நீ இருந்து பாத்துக்கயேன்!"

"என் வூட்டுக்காரரு கழனியில ஒத்தையா நின்னுகினு கீறாரு."

"அப்ப வாய மூடு!"

தனபாக்கியம் கையில் இருந்த சொம்பை வீசினாள். அது சுவரில் மோதி, உருண்டு, சுந்தரராஜன் காலடியில் வந்து நின்றது. அவன் கைதட்டிவிட்டான். "பிரமாதம்!"

அண்ணன் தங்கை சண்டையோ அக்கா தம்பி சண்டையோ, நடுவில் ஓர் அரசாங்க அதிகாரி கைதட்டினால் என்ன செய்வீர்கள்? இருவரும் கப்சிப்.

"இன்னா சார், எங்களப் பாத்தா சிரிப்பா கீதா?" என்றான் முனுசாமி.

"இல்லைங்க... ரொம்ப இயற்கையா இருக்கு."

அப்போதுதான் சமையல் கட்டிலிருந்து கஸ்தூரி எட்டிப் பார்த்தாள். நான் சொன்ன கதையில் பெண் ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள். "மேடம் குழந்தையைக்கூட ஏற்பாடு பண்ணியிருக்காங்க!" என்று ஹேமாவுக்குப் புல்லரித்துவிட்டதாம். புத்தகம் பையிலேயே கிடந்தது. பொய்க் குழந்தையிடம் எதற்குப் புத்தகம்? தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தையிடம் "ஹோமுக்குப் போகிறாயா?" என்று கேட்காதே என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். எந்தப் பதில் உனக்குப் பிடிக்கும் என்று அது உன் முகத்தைப் பார்க்கும். கண்ணில் படுகிற எதையாவது கேள். ஹேமாவின் கண்ணில் பட்டது இரண்டு பின்னல். இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி, காதுக்குப் பின்னால் விறைத்து நிற்கிற பின்னல்.

"யாரு பின்னிவிட்டது?"

"நைனா."

"அப்பாவா?"

"அத்தை பின்னா அவுந்துடும். நைனா பின்னா அவுறாது. ஸ்கூல்ல புள்ளைங்கல்லாம் இழுத்து இழுத்துப் பாக்கும். ஒண்ணும் ஆவாது."

முனுசாமி தலையைக் குனிந்துகொண்டான். வெட்கம். "ரோப் போடற மாதிரிதான் மிஸ்... எனக்குத் தெரிஞ்சது அதான். கேஜயே தாங்கும்."

ஹேமா சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடு கேட்டாள். "இவ்ளோ நல்லா பின்றீங்களே, அப்புறம் எதுக்கு சார் ஹோம்?"

இந்தக் கேள்வி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. எனக்கே இந்த இடத்துக்கு வந்து சேரச் சுற்றிச் சுற்றி நாலைந்து சந்திப்பு ஆகும். புண் எங்கே என்று தெரிந்தும் பஞ்சை அதன் ஓரத்திலேயே ஒற்றிக்கொண்டிருப்பேன். அவள் நேராக வைத்தாள். ஏனென்றால் புண் பொய் என்று நினைத்தாள்.

முனுசாமி வாயைத் திறந்தான். பூமி ஆடியது.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்... எங்கள் காலுக்குக் கீழே, வெகு ஆழத்தில், தோண்டித் தோண்டிப் பொறுமை இழந்த பாறை சில சமயம் வெடித்துவிடும். ராக் பர்ஸ்ட். மேலே பாத்திரங்கள் ஒன்றோடொன்று பல்லைக் கடிக்கும். கூரை நடுங்கும். ஊரே ஒரு மூச்சு நேரம் பேச்சை நிறுத்தும். எந்த ஷாஃப்ட்? யார் கீழே? அபாயச் சங்கு ஊதுகிறதா? ஊதாவிட்டால், நிறுத்திய வாக்கியத்தை நிறுத்திய இடத்திலிருந்து தொடர்வோம்.

சுந்தரராஜன், யாரோ பின்னால் நின்று நாடகத்துக்காகத் தகரத்தை ஆட்டுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தானாம். தனபாக்கியம் வாசலுக்கு ஓடிச் சங்குக்குக் காது கொடுத்தாள். சங்கு ஊதவில்லை. கஸ்தூரி அலறவில்லை. எழுந்து போய் அப்பனின் லுங்கியை ஒரு கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். ஹேமாவின் முகத்தைப் பார்த்து, "பயப்படாதீங்க மிஸ். நைனா இங்கதான் கீறாரு" என்று சமாதானம் வேறு சொன்னாள்.

"இதான் மிஸ்" என்றான் முனுசாமி. "சோறு நான் ஆக்கிடுவேன். தல பின்னிடுவேன். பகல் ஷிப்டுன்னா இது ஸ்கூல்ல கீது, டீச்சரு கீறாங்க. நைட் ஷிப்டு வாரத்துல நான் கீழ கீறேன், பூமி இப்டி ஆடுது... இது இருட்டுல ஒண்டியா உக்காந்துகினு, நான் கீறனா இல்லியான்னு... அதுக்கு யார வெக்கறது?"

ஹேமா அசந்துபோனாளாம். என்ன நடிப்பு! கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப கஷ்டம் நைட் ஷிப்ட் வாரம் மட்டும்தானே சார்?"

முனுசாமி யோசித்தான். மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் நைட், மற்றது பகல். அந்த ஒன்றுக்காக எல்லா வாரங்களையும் ஹோமுக்குக் கொடுத்துவிடப் பார்த்திருக்கிறான். துக்கத்தில் இருக்கிறவனுக்குக் கணக்கு வருமா?

இதோடு விட்டிருந்தால் என் மாணவர்களைத் தோளில் தூக்கி ஊர்வலம் போயிருப்பேன். ஆனால் சுந்தரராஜன் அங்கே இருந்தானே!

ஒரு வீட்டு விஷயம் அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது. எங்கள் தொழிலின் முதல் பாடம். சுந்தரராஜன் தெருவில் இறங்கி, வாயருகே கையைக் குவித்து, தேர்தல் கூட்டத்துக்கு அழைப்பது மாதிரி கூவினான். "லைன்ல இருக்கிறவங்களே! இந்த வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் போற வாரம் இவரோட பொண்ணு தனியா இருக்கப் பயப்படுது! யார் வீட்ல படுத்துக்கலாம்? சொல்லுங்க!" ஜனங்களையும் நாடகத்தில் சேர்த்துக்கொண்டால் மேடம் அதிக மார்க் போடுவார்கள் என்று நம்பிக்கை.

அத்தனை கதவும் திறந்தன.

முனுசாமி பாய்ந்து வந்து அவன் காலரைப் பிடித்தான். "என் மானத்த ஏலம் வுடறியாடா?" டெரிலின் சட்டையின் பொத்தான் தெறித்து ஆட்டின் மேல் விழுந்தது. சுந்தரராஜன் தொங்கிக்கொண்டே, "தத்ரூபம் சார்... கொஞ்சம் மெதுவா..." என்றான்.

அந்தச் சமயத்தில் அடுத்த கதவு திறந்து ஏகாம்பரம் வந்தார். காலையிலிருந்து வேஷத்தோடு காத்திருந்தவர். கண்ணில் வெங்காயம் தேய்த்த சிவப்பு, கையில் கடுங்காப்பி ஊற்றிய பாட்டில். தன் மேடையில் இன்னொருவன்! ராஜபார்ட் ரத்தம் கொதிக்காதா? தள்ளாடியபடியே கர்ஜித்தார். "யோவ்! அவன வுடு! நான்தாண்டா அப்பன்!"

நான் தெருமுனையில் திரும்பியது அப்போதுதான்.

"மேடம்..." சுந்தரராஜனின் கண் ஓர் அப்பனிலிருந்து இன்னோர் அப்பனுக்குப் போய் வந்தது. "இவர்தானே நீங்க ஏற்பாடு பண்ணவர்?"

"இல்லைப்பா. அந்தப் பாட்டில் வச்சிருக்கிறவர்."

அவனுடைய பழைய பயமெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. வேம்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஹேமா வாசலில் நின்றிருந்தாள். "அப்ப அந்தப் பொண்ணு... நிஜமாவே?" என்றாள்.

முனுசாமியிடம் கைகூப்பினேன். தப்பு என்னுடையது என்றேன். ஆட்டுக் கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"டிராமான்னு நெனச்சிகினா என் வூட்ல பூந்தீங்க?"

பதில் மங்காவிடமிருந்து வந்தது.

"பூந்தது பூந்தாச்சு. கேட்டதுக்குப் பதில் சொல்லணும் இல்ல? முனுசாமி, நைட் ஷிப்டு வாரத்துல பொண்ணு எங்கூட படுக்கட்டும். இவரு தூக்கத்துல ராஜா டயலாக் பேசறாரு, கேக்க எனக்கும் ஒரு ஆள் வோணும். பூமி ஆடுனா மூணு பேரும் ஒண்ணா உக்காந்துக்கறோம்."

"இத்தினி நாளா ஏன்க்கா சொல்லல?"

"நீ எங்கடா கேட்ட?"

ஒரு வருஷம். நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். ஆனால் இந்த ஒரு கேள்வி மட்டும் சுவரைத் தாண்டவில்லை.

முனுசாமி கஸ்தூரியை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பிறகு அன்றைக்கு நான் யாரிடம் எதைப் பேசினாலும் அந்தக் கதவு சாத்துகிற சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஸ்டேஷனில் மாணவர்களுக்குக் கொடுப்பதற்கு நீளமான ஒரு திட்டு தயார் செய்திருந்தேன். சயனைடு மேட்டின் மேல் காற்று எழும்பி, வெள்ளைப் புழுதியைத் தூக்கி வெயிலுக்குக் காட்டிவிட்டுப் போட்டது. எனக்குத் திட்ட வரவில்லை. எதைத் திட்ட? தவறான வீட்டில் சரியாகக் கேட்டதையா?

"மேடம், நிஜம்னு தெரிஞ்சிருந்தா நான் அதைக் கேட்டிருக்கவே மாட்டேன்" என்றாள் ஹேமா.

"தெரியும்."

"ஏன் மேடம் அப்படி?"

நல்லவேளை, ரயில் வந்துவிட்டது.

மறுநாள் காலை. ஆபீஸ் கதவைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன். படியேறி முனுசாமி வருகிறான். ஒரு கையில் கஸ்தூரி. இன்னொரு கையில் ஒரு பை. அவ்வளவுதான், துணிமணியோடு வந்துவிட்டான். நாங்கள் அவன் மானத்தைத் தெருவில் போட்டதற்கு அவன் பெண் ஹோமுக்குப் போகிறாள்.

"உட்காருங்க முனுசாமி."

"உக்கார நேரமில்ல ஆபீசரம்மா. இத்த ஸ்கூல்ல வுடணும்."

பையைப் பார்த்தேன். சிலேட்டின் மரச்சட்டம் எட்டிப் பார்த்தது.

"அக்கா இன்னிக்கி ஊருக்குப் போவுது. ராத்திரியே இது மங்காக்கா வூட்லதான் படுத்துது."

"பயமா இருந்ததா?" என்று கஸ்தூரியிடம் கேட்டேன். பாருங்கள், மற்றவர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்கிறவள் நான்!

"எனக்கு இல்ல. மாமாதான் தூக்கத்துல சண்டைக்குப் போயி கத்துனாரு. நான் எழுப்பிவுட்டு, ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

முனுசாமி போகாமல் நின்றான். "அந்த ரெண்டு பேரு எங்க?"

"பெங்களூர் போயிட்டாங்க. வியாழக்கிழமை வருவாங்க. அவங்க மேல புகார் கொடுக்கணும்னா..."

"புகார் இன்னா புகாரு. இங்கயே பாலகாட் லைன்ல என் கூட்டாளி ஒருத்தன் கீறான். பையன ஹோம்ல வுடப்போறேன்னு ஒரே புடிவாதம். இவங்க ரெண்டு பேரயும் அவன் வூட்டுக்கு அனுப்புங்க."

"அனுப்பறேன்."

படியில் இறங்கியவன் திரும்பினான்.

"ஆனா டிராமான்னு சொல்லியே அனுப்புங்கம்மா. நெசம்னு தெரிஞ்சா அவங்களும் உங்கள மாதிரி ஆயிடுவாங்க."